துணையற்ற பயணமும் துணைநின்ற மலையூர்களும்: டேர்வ்லா மேர்பியின் ‘புல் ரில்ற்’ பற்றிய ஒரு விமர்சனம்

பிரயாண நூல்களை இலக்கியமாகக் கொள்வதா, தகவல் திரட்டாகக் கொள்வதா என்னும் வினா தமிழ் விமர்சனத்திலே தீர்க்கப்படாத ஒன்றாகவே இருந்து வருகின்றது. நாவலுக்கும் சிறுகதைக்கும் புதுக்கவிதைக்கும் அளவுகோல்களைத் தேடி எழுந்த வாதங்களிற் பத்திலொரு பங்கேனும் பிரயாண நூலைப் பற்றி எழவில்லை. சென்ற இடங்களின் பெயர்களும், கண்ட காட்சிகளின் வர்ணனையும், உண்ட உணவின் சுவையும் இருந்தாற் போதும் என்ற எண்ணமே வாசகரிடத்தும் எழுத்தாளரிடத்தும் நிலவுகின்றது. ஆயின், ஒரு மனிதர் தமக்குப் பழக்கமில்லாத மக்கள் நடுவே சென்று, அவர்களின் கூரையின்கீழ் உறங்கி, அவர்களின் உணவை உண்டு, பின்னர் அவர்களைப் பற்றி வேறொரு மொழியில் வேறொரு நாட்டாருக்கு எழுதுகின்றார் என்பதை எண்ணிப் பார்த்தால், அவ்வெழுத்தைத் தகவல் திரட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. யாருக்காக எழுதப்பட்டது, எவர் தந்த துணையில் எழுதப்பட்டது என்னும் வினாக்கள் அங்கே தாமாகவே எழுகின்றன. அயர்லாந்து எழுத்தாளர் டேர்வ்லா மேர்பியின் முதல் நூலாகிய ‘புல் ரில்ற்’ இவ்வகையில் ஆராய்வதற்கு மிகவும் உகந்தது. 1965இல் லண்டனிலே ஜோன் மறே பதிப்பகத்தார் வெளியிட்ட இந்நூல், அயர்லாந்திலிருந்து இந்தியா வரை ஒரு பெண் தனியே துவிச்சக்கரவண்டியிற் சென்ற வரலாறாகும்.

மேர்பி 1931ஆம் ஆண்டு நவம்பர் 28ஆந் திகதி பிறந்தவர். வோட்டர்போர்ட் மாவட்டத்திலுள்ள லிஸ்மோர் என்னும் சிற்றூரிலே வளர்ந்தவர். தந்தையார் அம்மாவட்டத்தின் நூலகர். பத்தாவது பிறந்தநாளில் அவருக்குப் பழைய சைக்கிளொன்றும் உலகப் படத்தொகுப்பொன்றும் பரிசாகக் கிடைத்தன. சில நாட்களின் பின் ஊருக்கு அருகேயுள்ள குன்றொன்றில் மிதித்து ஏறிக்கொண்டிருந்தபோது, இவ்வாறே மிதித்துக்கொண்டிருந்தால் இந்தியாவுக்கும் போய்விடலாமே என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அவ்வெண்ணம் நிறைவேற இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. மூட்டுவாத நோயினால் முடமாகியிருந்த தாயைப் பராமரிப்பதற்காகப் பதினான்கு வயதிற் பள்ளியை விட்டவர், 1962இலே தாயார் இறக்கும்வரை அவ்வீட்டோடு கட்டுண்டிருந்தார். 1963 ஜனவரியில், ஐரோப்பா வரலாறு காணாத கடுங்குளிரில் உறைந்து கிடந்த வேளையிலே, முப்பத்தொரு வயதில் அவர் புறப்பட்டார். பிரான்ஸ், இத்தாலி, யூகோஸ்லாவியா, பல்கேரியா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் ஆகிய நாடுகளினூடாகச் சென்று அவ்வாண்டு ஜூலையிலே டில்லியை அடைந்தார். பனியின் கொடுமையாற் சில பகுதிகளைப் புகையிரதத்திலும் லொறியிலும் கடக்க நேர்ந்ததை அவர் ஒளிக்கவில்லை.

இவ்வாழ்க்கைக் குறிப்புகள் ஈண்டு வெறும் அறிமுகத்துக்காகத் தரப்படவில்லை. நூலின் தொனியை இவற்றின் துணையின்றி விளங்கிக்கொள்ள முடியாது என்பதே காரணம். ‘புல் ரில்ற்’ முழுவதிலும் ஓடிக்கொண்டிருக்கும் களிப்பு, சுற்றுலாப் பயணியின் களிப்பன்று. பதினாறு ஆண்டுகள் நோயாளியின் கட்டிலருகே நேரம் பார்த்து மருந்து கொடுத்து வாழ்ந்த ஒருத்தி, காலையில் எழுந்து எத்திசையில் மிதிப்பது என்பதைத் தானே தீர்மானிக்கும் களிப்பு அது. மழையும் பனியும் பட்டினியும் அவருக்குத் துன்பமாகத் தோன்றாமைக்குக் காரணம் வீரம் என்று விமர்சகர் பலர் எழுதியுள்ளனர். வீரம் என்பதைவிட விடுதலை என்பதே பொருந்தும். 1979இல் வெளிவந்த அவரது தன்வரலாற்று நூலைப் படித்தபின் ‘புல் ரில்ற்’ நூலை மீண்டும் படிப்பவர்கள் இதனை நன்கு உணர்வர்.

நூலின் பெயரும் வண்டியின் பெயரும் ஒன்றோடொன்று தொடர்புடையன. ஈட்டியை நீட்டியபடி குதிரையை முழுவேகத்திற் செலுத்தும் மத்தியகாலப் போர்வீரனின் பாய்ச்சலைக் குறித்த ஆங்கிலத் தொடரே நூற்பெயராயிற்று. வண்டியோ, செர்வாண்டிஸின் டொன் கிஹோத்தே ஏறித்திரிந்த கிழக்குதிரையாகிய றொசினாந்தேயின் பெயரைப் பெற்று, சுருக்கமாக ‘றோஸ்’ என அழைக்கப்படுகின்றது. காற்றாலைகளை அரக்கர்களென்று எண்ணி மோதிய ஒருவனின் குதிரைப் பெயரைத் தன் வண்டிக்குச் சூட்டுபவர், தம்மைத் தாமே சற்று எள்ளி நகையாடத் தெரிந்தவர். இந்நகையுணர்ச்சியே நூலைப் பல இடங்களிற் காப்பாற்றுகின்றது. றோஸ் சுமார் 37 இறாத்தல் நிறையுள்ள ஆண்களுக்கான ஆம்ஸ்றோங் கடெற் வகைச் சைக்கிள். ஆசியப் பாதைகளுக்குத் தாங்காது என்று கருதி அதன் மூவேகப் பற்சக்கர அமைப்பைப் புறப்படுமுன்னரே கழற்றிவிட்டார். எனவே மலையேற்றங்களிற் பெரும்பாலும் றோஸ் அவரைச் சுமக்கவில்லை. அவரே றோஸைத் தள்ளிச் சென்றார்.

‘தனியே’ என்ற சொல்தான் இந்நூலைப் பற்றிய எல்லாக் குறிப்புகளிலும் முதலில் வருகின்றது. அச்சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டுமா? மேர்பி புறப்படுமுன் மாற்று ரயர்களை வழியிலுள்ள பிரித்தானியத் தூதரகங்களுக்கும் துணைத் தூதரகங்களுக்கும் தபாலில் அனுப்பி வைத்தார். இது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் ரயர் தேய்ந்தால் அடுத்த தலைநகரில் ஒரு தூதரக அலுவலர் புதியதை எடுத்து வைத்திருப்பார் என்ற நம்பிக்கையோடு ஹெறாத்தையோ பெஷாவரையோ நோக்கி மிதிப்பது எல்லோருக்கும் இயலக்கூடியதன்று. அந்த ரயர்களின் பின்னால் ஒரு பழைய சாம்ராச்சியத்தின் வலைப்பின்னல் இருக்கின்றது. அயர்லாந்துக் குடியரசின் பிரசை ஒருவருக்கு, அதுவும் குடியரசுவாத மரபில் வந்த குடும்பத்தின் மகளுக்கு, அவ்வலைப்பின்னல் உதவியது என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. பாகிஸ்தானிலே அவர் சுவாத் அரச குடும்பத்தின் விருந்தினராகத் தங்கினார். சுவாத் அப்போது தனியாட்சியுள்ள சமஸ்தானம். 1969இலேதான் அது பாகிஸ்தானோடு முற்றாக இணைக்கப்பட்டது. ஓரிரவு மண்சுவர்த் தேநீர்க்கடையிலும் ஓரிரவு அரண்மனையிலும் உறங்கும் உரிமை, அப்பாதையில் வாழ்ந்த எந்தக் குடியானவனுக்கும் இருந்ததில்லை.

இதைச் சொல்வதன் நோக்கம் அவரது துணிவைக் குறைத்து மதிப்பிடுவதன்று. யூகோஸ்லாவியாவில் ஓநாய்கள் பாய்ந்தபோதும், ஈரானிலே திருடர்கள் சூழ்ந்தபோதும் கைத்துப்பாக்கியை எடுக்க நேர்ந்தது. ஆப்கானிஸ்தானில் ஒரு பஸ்ஸினுள்ளே எழுந்த சண்டையிற் துப்பாக்கிப் பிடியொன்று இடித்து மூன்று விலா எலும்புகள் முறிந்தன. இவற்றையெல்லாம் அவர் விரைவாகச் சொல்லிவிட்டு அப்பாற் செல்கின்றார். விலா முறிந்ததற்கு அடித்தவன்மீது அவருக்குக் கோபமே இல்லை. ஆபத்தைப் பெரிதுபடுத்தி வாசகரை மிரட்டும் ஐரோப்பியப் பிரயாணிகளின் மரபிலிருந்து அவர் விலகி நிற்பது இங்கே தெளிவாகின்றது. தீர்மானத்தில் மட்டுமே அவர் தனியர், பிழைத்திருப்பதில் அல்லர். சிறந்த பக்கங்களில் இவ்வுண்மையை அவர் உணர்ந்திருக்கின்றார். பலவீனமான பக்கங்களில் மறந்துவிடுகின்றார்.

தமிழ் மாணவர்களுக்கு இவ்விடத்திலே பத்துப்பாட்டின் மலைபடுகடாம் நினைவுக்கு வருதல் இயல்பே. நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிர்ப்படும் கூத்தர்க்கு வழிகூறும் முறையில் அமைந்த அப்பாட்டிலே, பெருங்கௌசிகனார் மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாகச் சொல்கின்றார். விலங்குகளை வீழ்த்த வைத்த பொறிகள், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கற்கள், வழுக்கும் பாறைகள் என அவை நீள்கின்றன. அவற்றோடு எந்தச் சிறுகுடியிற் சென்றால் என்ன உணவு கிடைக்கும் என்பதும் சொல்லப்படுகின்றது. மேர்பியின் நாட்குறிப்பும் ஏறத்தாழ இதே அமைப்புடையது: பாதையின் நிலை, பாதையின் இடர், இரவு தங்கிய இடம், அங்கே கிடைத்த உணவு. ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் தேநீர்க்கடைகளின் தரையிலே, லொறிச் சாரதிகளோடும் கழுதைக்காரரோடும் படுத்துறங்கியதை அவர் எழுதுமிடங்களில், கொடுத்தவரின் வறுமையும் கொடையின் பெருமையும் ஒருங்கே புலனாகின்றன. வேறுபாடு ஒன்றுண்டு. ஆற்றுப்படையைக் கேட்பவன் அதே வழியில் நடக்கப் போகின்றவன்; விருந்தளித்த சிறுகுடியும், பாடிய கூத்தனும், கேட்கும் கூத்தனும் ஒரே மொழியினர். ‘புல் ரில்ற்’ நூலைப் படித்தவரோ லண்டனிலும் டப்ளினிலும் இருந்தனர். உணவளித்தவரிற் பெரும்பாலார்க்கு அந்நூலின் ஓர் எழுத்தும் தெரியாது. கொடுத்தவருக்குத் தெரியாமலே அவர் கொடுத்தது இலக்கியமாயிற்று.

நூல் நாட்குறிப்பு வடிவில் அமைந்தது. வழியிலிருந்து நண்பர்களுக்கு அனுப்பிய குறிப்புகளை அதிக மாற்றமின்றித் தொகுத்தமையால், களைத்த உடலோடு இரவில் எழுதியதன் சூடு மாறாமல் இருக்கின்றது. நினைவிலிருந்து பின்னர் ஆறுதலாக எழுதப்படும் நூல்களிற் காணமுடியாத உண்மைத்தன்மை இதனாற் கிடைக்கின்றது. குறையும் இதனாலேயே வருகின்றது. காலையில் ஒரு நகரை அடைந்து மாலையில் அந்நாட்டு மக்களின் இயல்பு இன்னது என்று தீர்ப்புச் சொல்லும் பழக்கம் நாட்குறிப்பாளரை எளிதிற் பற்றிக்கொள்வது. ஆப்கானியரை அவர் விழுந்து விழுந்து புகழ்கின்றார். ஈரானின் பட்டின நாகரிகத்தை வெறுக்கின்றார். இரண்டுக்கும் அவர் கண்ட சான்று சில வாரங்களுக்கு உட்பட்டதே.

இங்கேதான் நூலின் அடிப்படையான முரண்பாடு வெளிப்படுகின்றது. மலையூர்களின் வாழ்வு மேலைநாட்டு நாகரிகத்தாற் கெடாதிருக்க வேண்டும் என்பது மேர்பியின் உறுதியான கருத்து. இயந்திரமும் விளம்பரமும் பெருவீதியும் வந்தால் அவர்களின் கண்ணியமும் விருந்தோம்பலும் அழிந்துவிடும் என்று அவர் அஞ்சுகின்றார். ஆயின் அவர் ஏறிச்சென்ற றோஸ், தொழிற்சாலையிற் பிறந்த இயந்திரம். எவ்வளவு எளிமையானதாயினும், அது உருளுவதற்கு யாரோ அமைத்த வீதி வேண்டும். ராவல்பிண்டியிலிருந்து கில்கித்துக்கு அவர் சைக்கிளுடன் விமானத்திலே சென்றார். அப்பெருமலைகளை உழைத்து அடையாமல் மேலிருந்து பார்ப்பது முறையன்று என்று அவர் மனம் உறுத்தியது. அந்த உறுத்தல் நேர்மையானது. எனினும் அது அழகியல் பற்றிய உறுத்தலாகவே நின்றுவிடுகின்றது. கில்கித்தில் நோயுற்ற ஒருவனுக்கு அதே விமானம் என்ன பொருளுடையது என்ற வினாவாக அது வளரவில்லை. பதினாறு ஆண்டுகள் நோயாளியைப் பராமரித்தவரிடம் இவ்வினாவை வாசகர் எதிர்பார்ப்பது மிகையாகாது.

அவரது அச்சம் முற்றிலும் பிழையானதென்று தள்ளிவிடவும் இயலாது. அவர் பயணஞ்செய்த காலத்திலே ஆப்கானிஸ்தானில் இரு வல்லரசுகளும் போட்டியிட்டு வீதி அமைத்துக்கொண்டிருந்தன. சோவியத் உதவியுடன் அமைந்த சாலாங் சுரங்கப்பாதை 1964இலே திறக்கப்பட்டது. அமெரிக்க உதவியுடன் அமைந்த காபூல்–கந்தகார் நெடுஞ்சாலை 1966இல் நிறைவெய்தியது. 1979 டிசம்பரில் ஆரம்பித்த படையெடுப்பின்போது சோவியத் வாகனத் தொடர்கள் அந்தச் சாலாங் வழியாகவே தெற்கே வந்தன. ஷிபார் கணவாயைக் கடந்து மேர்பி சென்ற பாமியானிலே, குன்றிற் குடைந்து நின்ற புத்தர் சிலைகள் இரண்டும் 2001 மார்ச்சில் தகர்க்கப்பட்டன. வீதி எப்போதும் நன்மையை மட்டுமே கொண்டுவரும் என்று எண்ணுவோர்க்கு இவ்வரலாறு தகுந்த மறுமொழி. ஆனால் மேர்பி அஞ்சியது இவற்றையல்ல. படைகளையும் வல்லரசுகளின் கணக்கையும் விட, வானொலிப் பெட்டியும் பட்டினத்து உடையும் மக்களின் குணத்தைக் கெடுத்துவிடும் என்பதே அவரது கவலை. அரசியலை ஒழுக்கவியலாகச் சுருக்கிப் பார்க்கும் இந்நோக்கு, 1960களின் ஐரோப்பிய அறிவாளரிடையே பரவலாகக் காணப்பட்டது. தம் சமூகத்தின்மீது கொண்ட சலிப்பைப் பிறர் வறுமையின்மீது போர்த்தி அழகு பார்க்கும் நோக்கு அது.

பெண்கள் பற்றிய பிரச்சினையும் இதனோடு பின்னியுள்ளது. குட்டையாக வெட்டிய தலைமயிரும், காற்சட்டையும், ஆண்களின் சைக்கிளும் காரணமாக மேர்பி பல இடங்களில் ஆணென்றே கருதப்பட்டார். பெண்ணென்று அறியப்பட்ட இடங்களிலும் அவர் அந்நியர். ஆகவே உள்ளூர்ப் பெண்ணுக்குரிய விதிகள் அவர்மீது பாயவில்லை. ஆண்களோடு தேநீர்க்கடையில் அமரவும், அந்தப்புரத்துக்குள் நுழையவும் அவரால் முடிந்தது. இந்த இரட்டைச் சலுகை நூலுக்குப் பெரும் வளத்தைத் தந்திருக்கின்றது. அதே மலையூரிற் பிறந்த ஒருத்தி தனியே சைக்கிளேறிப் புறப்பட்டிருப்பாளாயின் அவளுக்கு அக்கண்ணியம் கிடைத்திருக்குமா? ஆப்கானிஸ்தானிலே 1959இல்தான் அரச குடும்பத்துப் பெண்களும் அமைச்சர்களின் மனைவியரும் முகத்திரையின்றிப் பொதுமேடையில் தோன்றினர். திரை கட்டாயமன்று என்றாயிற்று. அம்மாற்றம் காபூலுக்குள் வந்தது மேர்பி ஐயுற்ற அதே நவீனத்துவத்தின் கைபிடித்துத்தான். லிஸ்மோரில் ஒரு வீட்டுக்குள் கட்டுண்டு கிடந்த பெண்ணுக்குச் சைக்கிள் விடுதலையாயிற்று என்றால், பாமியானிலே சுவருக்குள் கட்டுண்ட பெண்ணுக்கு எது விடுதலையாகும்? நூலிலே இவ்வினாவின் ஓரம்வரை வந்து திரும்பிவிடும் பக்கங்கள் உள்ளன.

இத்தனை குறைகளுக்குப் பின்னும் ‘புல் ரில்ற்’ ஏன் நிலைத்து நிற்கின்றது? பாபுசார் கணவாய்ப் பகுதியைப் படிப்பவர்களுக்கு விடை கிடைக்கும். கில்கித்திலிருந்து சிந்துநதிப் பள்ளத்தாக்கினூடாகச் சிலாஸை நோக்கிய வழியிலே ஜூன் மாத வெயில் அவரை வீழ்த்துகின்றது. பாறைகள் அனலைக் கக்கும் அப்பள்ளத்தாக்கு, மலைநாடு என்றாற் குளிர்ச்சி என்று எண்ணுவோரின் எண்ணத்தைத் தகர்ப்பது. குறிஞ்சியும் பாலையும் ஒரே இடத்தில் ஒன்றின்மேலொன்றாகக் கிடக்கின்றன எனலாம். நோயுற்றுத் தேறி அவர் மேலேறும்போது சுமார் 13,700 அடி உயரமுள்ள கணவாய் இன்னும் பனி மூடியே இருக்கின்றது. அங்கே சைக்கிளுக்கு எப்பயனும் இல்லை. பனிச்சரிவிலே அதனைத் தோளிற் சுமந்து, கால் புதையப் புதைய ஏறி இறங்குகின்றார். பிரயாணத்தின் கருவியே பிரயாணத்தின் சுமையாகிவிட்ட அந்நிலையில், அதுகாறும் அவர் உதிர்த்து வந்த தீர்ப்புகள் யாவும் நின்றுவிடுகின்றன. ஆப்கானியர் இத்தகையர், ஈரானியர் அத்தகையர் என்ற பேச்சுக்கு அவ்வுயரத்தில் மூச்சில்லை. வாக்கியங்கள் குறுகுகின்றன. கால் வைக்கும் அடுத்த அடி மட்டுமே எஞ்சுகின்றது.

கணவாயின் மறுபுறம் காகான் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் வழியிலே ஓர் ஆறு குறுக்கிடுகின்றது. பாலம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டிருக்கின்றது. முதுகிலே சைக்கிளோடு நீரோட்டத்தின் முன் நிற்கின்றார். அப்போது எங்கிருந்தோ சிறிய கறுப்புப் பசுவொன்று வந்து ஆற்றிலிறங்குகின்றது. அதன் கழுத்தை ஒரு கையால் அணைத்துக்கொண்டு அவரும் இறங்கி அக்கரை சேர்கின்றார். பசு தன் வழியிற் போகின்றது. நூலிலே மிகுந்த நகையுணர்ச்சியோடு சொல்லப்படும் இந்நிகழ்ச்சியை ஆசிரியர் குறியீடாக்க முயலவில்லை. அதனாலேயே அது மனத்தில் நிற்கின்றது. தூதரக ரயர்களும் கைத்துப்பாக்கியும் அறிமுகக் கடிதங்களும் உதவாத இடத்திலே, ஊரார் ஒருவரின் பசு உதவியது. அப்பசு அந்த மலைச்சரிவில் நின்றதென்றால், அதை அங்கே மேயவிட்ட ஒருவர் கீழே எங்கோ இருந்திருக்க வேண்டும். நூலில் அவர் தோன்றுவதில்லை.

டில்லியை அடைந்தபின் மேர்பி தரம்சாலாவிலே திபெத்திய அகதிக் குழந்தைகளின் முகாமில் வேலை செய்தார். 1966இல் வெளியான இரண்டாவது நூல் அதைப் பற்றியது. ஓரிடத்தில் நின்று உழைத்தமையால், வழிப்போக்கரின் அவசரத் தீர்ப்புகள் அதிலே பெரிதும் குறைந்துள்ளன. பின்னர் எதியோப்பியாவுக்குக் கோவேறு கழுதையோடும், பால்திஸ்தானுக்கு ஆறு வயது மகளோடும் சென்று எழுதினார். மகளோடு சென்ற நூல்களில் ‘தனியே’ என்ற பெருமிதத்துக்கே இடமில்லை. குழந்தையின் பசியும் குளிரும் ஊராரின் அடுப்பங்கரைக்குத் தாயை இட்டுச் செல்கின்றன. அவ்வகையில் 1977இல் வெளிவந்த பால்திஸ்தான் நூல் ‘புல் ரில்ற்’ நூலினும் ஆழமானது என்று கூறலாம், இதனளவு புகழ் அதற்குக் கிடைக்காவிடினும்.

ஆனால் முதல் நூலின் குறைக்கு உண்மையான மறுமொழி 1978இல் வந்தது. வட அயர்லாந்திலே குண்டுகளும் கொலைகளும் மலிந்திருந்த காலத்தில், மேர்பி எல்லையைக் கடந்து மீண்டும் சைக்கிளிற் புறப்பட்டார். தொலைவோ சில மணிநேரப் பயணம், மலைகளோ சிறியன. கத்தோலிக்கர் வீடுகளிலும் புரொட்டஸ்தாந்தர் வீடுகளிலும் தேநீர் அருந்தி, இரு தரப்பாரின் கதைகளையும் கேட்டு, தம் குடும்பத்திலிருந்து தமக்கு வந்த சார்பையும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு அவர் எழுதிய நூலுக்கு, அயர்லாந்திலே கொல்லப்பட்ட பிரித்தானியத் தூதுவர் கிறிஸ்தோபர் ஈவார்ட்-பிக்ஸ் நினைவாக நிறுவப்பட்ட பரிசு கிடைத்தது. ஆப்கானியர் இத்தகையர் என்று ஒரு மாலைப்பொழுதிலே தீர்ப்புரைத்த பேனா அந்நூலிலே தயங்கித் தயங்கி நகர்கின்றது. சொன்னதைத் திருத்துகின்றது, மறுதரப்பைக் கேட்டபின் மீண்டும் திருத்துகின்றது. அங்கே அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தவர்கள் ஆங்கிலம் அறிந்தவர்கள். நூல் வெளிவந்ததும் கடையில் வாங்கிப் படித்து, இதை நான் இப்படிச் சொல்லவில்லை என்று அவருக்குக் கடிதம் எழுதக்கூடியவர்கள்.